கேள்வி–பதில்: கேபின் க்ரூவும் குறியீடுகளும்

கேள்வி: பயிற்சியின் முதல் வாரமே பக்கம் பக்கமாகக் குறியீட்டுப் பட்டியல் கொடுத்துவிட்டார்கள். அகர வரிசையில் மனப்பாடம் செய்கிறேன். மறுநாள் எல்லாம் குழம்பிவிடுகிறது. எப்படிப் படிப்பது?

பதில்: குழப்புவதே அந்த அகர வரிசைதான். ஏ.இ.டி.யும் ஏ.வி.எம்.எல்.லும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் வரும். ஒன்று தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி, மற்றது சாப்பாட்டுத் தட்டு. விமானத்தில் இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கப்போவதில்லை. அதனால் எங்கே கண்ணில் படும் என்பதை வைத்துப் பிரியுங்கள்: பணி அட்டவணையான ரோஸ்டரில் வருபவை, பயணிகள் விவரப் பட்டியலான பி.ஐ.எல்.லில் வருபவை, கருவிகளின் மேல் இருப்பவை, அவசர காலத்தில் காதில் விழுபவை, ஊர்க் குறியீடுகள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு அட்டை போடுங்கள். முன்பக்கம் குறியீடு. பின்பக்கம் விரிவாக்கத்தோடு நிறுத்தாமல், இதைப் பார்த்ததும் நீங்கள் செய்ய வேண்டியதையும் எழுதுங்கள். பி.பி.இ. என்றால் ‘புரொடெக்டிவ் பிரீதிங் எக்விப்மென்ட்’ என்று ஒப்பிப்பது தேர்வுக்குப் போதும். கேபினில் தேவைப்படுவது வேறு: புகையில் போட்டுக்கொள்ளும் முகமூடி, சுமார் 15 நிமிடம் தாங்கும், கழுத்துப் பட்டையில் முடி சிக்கினால் புகை உள்ளே வரும். அட்டையைப் பின்பக்கத்திலிருந்தும் கேட்டுப் பாருங்கள். வேலையைச் சொன்னால் குறியீடு வருகிறதா என்பதுதான் சோதனை.

ஒரே எழுத்துகளுக்கு இரண்டு பொருள் இருக்கும் குழப்பத்திலிருந்தும் இந்தப் பிரிவினை காப்பாற்றும். ஊர்ப் பட்டியலில் எம்.இ.எல். மெல்போர்ன். விமானத்தின் பழுதுகளைக் குறித்துவைக்கும் டெக் லாகில் அதே எம்.இ.எல்., எந்தெந்தப் பழுதோடு விமானம் கிளம்பலாம் என்று சொல்லும் ‘மினிமம் எக்விப்மென்ட் லிஸ்ட்’.

கேள்வி: டபிள்யூ.சி.எச்.ஆர்., டபிள்யூ.சி.எச்.எஸ்., டபிள்யூ.சி.எச்.சி. எல்லாமே வீல்சேர்தானே? வித்தியாசம் அவ்வளவு முக்கியமா?

பதில்: முக்கியம். முதல் மூன்று எழுத்துகள் வீல்சேர். கடைசி எழுத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஆர் என்றால் ராம்ப்: நெடுந்தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார், கேபினில் நடப்பார். எஸ் என்றால் ஸ்டெப்ஸ்: படி ஏற முடியாது, கேபினுக்குள் தானே நடந்து சீட்டுக்குப் போவார். சி என்றால் கேபின் சீட்: சீட் வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும்.

முனையத்திலிருந்து நேராக விமானக் கதவுக்கு வரும் பாலமான ஏரோபிரிட்ஜில் விமானம் நிற்கும்போது ஆருக்கும் எஸ்ஸுக்கும் வேற்றுமை தெரியாது. இருவரும் நடந்து வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இறங்கும் ஊரில் முனையத்திலிருந்து தொலைவான பே (விமானம் நிறுத்தும் இடம்) கிடைத்துப் படி வண்டி வந்து நின்றால்தான் சிக்கல். எஸ் பயணியை இறக்க, வீல்சேரோடு கதவு உயரத்துக்கு ஏறி இறங்கும் வண்டியான ஆம்புலிஃப்ட் வேண்டும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் எல்லோரும் போன பிறகும் அவர் சீட்டிலேயே காத்திருப்பார். இறங்குவதற்கு முன்பே சீனியரிடம் எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள்.

சி பயணிக்கு இன்னும் சில வேலைகள் உண்டு. கேபினுக்குள் தள்ளும் ஆன்போர்டு வீல்சேர் இருக்கிறதா என்று போர்டிங்குக்கு முன் பாருங்கள். எக்சிட் வரிசையில் சீட் விழுந்திருந்தால் மாற்றுங்கள். அவருக்கும் துணைக்கு வந்தவருக்கும் தனியாகப் பாதுகாப்பு விளக்கம் தர வேண்டும்: எந்தக் கதவு, எப்போது நகர வேண்டும், எப்படித் தூக்கினால் வலிக்காது. கடைசிக் கேள்விக்குப் பதில் அவருக்குத்தான் தெரியும், கேட்டுவிடுங்கள். குறியீடு ஒன்றும் ஆள் நிலை வேறொன்றுமாக இருந்தால் ஆளை நம்புங்கள். புக்கிங்கில் தவறாகப் பதிவது சகஜம்.

கேள்வி: சாப்பாட்டுக் குறியீடுகளில் அதிகம் தவறுவது எது?

பதில்: எச்.என்.எம்.எல். ‘இந்து மீல்’ என்று பார்த்ததும் சைவம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது மாட்டிறைச்சி இல்லாத அசைவம். காரசாரமான இந்தியச் சைவம் ஏ.வி.எம்.எல்.; பால், தயிர் இருக்கும். வி.ஜி.எம்.எல். பாலும் முட்டையும் இல்லாத வீகன். வி.எல்.எம்.எல்.லில் இரண்டும் உண்டு. வேர்க்கிழங்கு சேராத ஜைன உணவு வி.ஜே.எம்.எல். சி.எச்.எம்.எல். குழந்தைகளுக்கானது, பி.பி.எம்.எல். கைக்குழந்தைக்கு. தட்டை நீட்டும்போது குறியீட்டைச் சொல்லாமல், “நீங்கள் கேட்ட முட்டை இல்லாத சைவ உணவு” என்று சொல்லிக் கொடுங்கள். தவறு இருந்தால் மூடி திறக்கும் முன்பே தெரிந்துவிடும். சீட் மாறி உட்கார்ந்தவர்களிடம்தான் இது அதிகம் உதவும்.

கேள்வி: ரோஸ்டரில் நேரத்துக்குப் பின்னால் இசட் என்று இருக்கிறதே?

பதில்: அது ஸூலு, அதாவது உலகப் பொது நேரமான யூ.டி.சி. கூட்டிக் கழிப்பதில் யாரும் அவ்வளவாகத் தவறுவதில்லை, தேதியில்தான் தவறுகிறார்கள். 14ஆம் தேதி 21:45 இசட் என்றால் யூ.டி.சி.யைவிட 8 மணி முந்திய சிங்கப்பூரில் 15ஆம் தேதி காலை 5:45. மாற்றிய நேரத்தோடு தேதியையும் கிழமையையும் சேர்த்தே எழுதுங்கள். புறப்படும் நேரமாகக் குறிக்கப்படும் எஸ்.டி.டி. என்பது விமானம் மேலே எழும் நேரமல்ல, நிறுத்தத்தை விட்டு நகரும் நேரம். கதவு அதற்கு முன்பே மூடியாக வேண்டும்.

கேள்வி: ஊர்க் குறியீடுகளுக்குக் குறுக்கு வழி உண்டா?

பதில்: பாதிக்கு மேல் பெயரைப் பார்த்தாலே தெரியும். கனடா பெரும்பாலும் ஒய்யில் தொடங்கும், டொரொன்டோ ஒய்.ஒய்.இசட். சிகாகோ ஓஹேர் ஓ.ஆர்.டி. ஆனதற்குக் காரணம் அதன் பழைய பெயர் ஆர்ச்சர்ட் ஃபீல்ட். நேரத்தைச் செலவிட வேண்டியது இரட்டையர்களில்: டி.யூ.பி. டப்ளின், டி.எக்ஸ்.பி. துபாய். எஸ்.ஜே.சி. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே, எஸ்.ஜே.ஓ. கோஸ்டாரிகாவின் சான் ஹோசே, எஸ்.ஜே.யூ. போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான். விமானிகளின் தாள்களில் வரும் நான்கெழுத்து இக்காவோ (சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு) குறியீடுகளை இப்போதைக்கு விடுங்கள்.

கேள்வி: நிட்ஸ் என்றால் என்ன?

பதில்: அவசரத்தில் கேப்டன் சீனியர் க்ரூவிடம் நான்கு விஷயம் சொல்வார்: நேச்சர் (என்ன கோளாறு), இன்டென்ஷன் (திரும்புகிறோமா, வேறு ஊரில் இறங்குகிறோமா), டைம் (கையில் எத்தனை நிமிடம்), ஸ்பெஷல் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் (மோதலுக்குத் தயாராகக் குனியச் சொல்லும் பிரேஸ் சிக்னல், எந்தப் பக்கக் கதவு கூடாது போன்றவை). நான்கு எழுத்தையும் முதலில் காகிதத்தில் எழுதிக்கொண்டு எதிரே நிரப்புங்கள். பிறகு திரும்பப் படித்துக் காட்டி, கடிகாரத்தைச் சரிபாருங்கள். திரும்பப் படிக்காதபோது கோட்டைவிடுவது பெரும்பாலும் டைம்தான்: 12 நிமிடம் என்றது தரையைத் தொடவா, கேபின் தயாராகவா? சில நிறுவனங்களில் இதற்குப் பதிலாக டெஸ்ட் என்ற சுருக்கம் இருக்கும். உங்கள் மேனுவலில் உள்ளதையே பழகுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

கேள்வி: சீட் எழுத்தை இன்டர்ஃபோனில் சொன்னால் பி, டி, ஈ எல்லாம் ஒன்றுபோலக் கேட்கிறது.

பதில்: பிராவோ, டெல்டா, எக்கோ என்று சொல்லுங்கள். எண்ணையும் பிரித்து, “டூ த்ரீ பிராவோ” என்று.