ஷி நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் வரக் கூடாது

தங்கச்சி, நீங்கள் கேட்டது நாலு கேள்வி. ஆகஸ்டில் வவுனியாவிலிருந்து ஒஸ்லோ வந்திருக்கிறீர்கள். வீட்டுக்கு மூன்று மாத வாடகையை முற்பணமாகக் கேட்பது சரியா, இலங்கை லைசென்ஸை மாற்றலாமா, விற்றமின் டி எவ்வளவு கொடுப்பது. கடைசியாகப் போகிற போக்கில் ஒன்று. நாலாம் வகுப்புப் படிக்கும் மகளின் வகுப்புப் பிள்ளைகள் போர்த்துக்கலில் ஒரு வகுப்புக்குக் கடிதம் எழுதுகிறார்களாம். ‘எங்கள் நாட்டில் எங்கள் அன்றாட வாழ்க்கை, பண்பாடு, பனிக்கால விளையாட்டு’ என்று தலைப்பு. பிள்ளை வீட்டுக்கு வந்து, "அம்மா, எனக்கு ஷி தெரியாது, நான் எந்த நாட்டைப் பற்றி எழுதுறது?" என்று கேட்டிருக்கிறாள். அடுத்த மாதம் பள்ளியில் ஷி நாளும், அதாவது பிள்ளைகளைப் பனிச்சறுக்குக்கு (ஸ்கி) கூட்டிப் போகும் நாளும், வருகிறது. விழுந்து கைகாலை முறித்துக்கொண்டால் என்ன செய்வது, அன்றைக்கு வீட்டில் மறிக்கலாமா என்கிறீர்கள்.

முற்பணத்தை ஒருவர் கையிலும் கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்குத் திறந்து அதில் போடுவதுதான் இங்கே முறை. லைசென்ஸ், விற்றமின் எல்லாவற்றுக்கும் வேறு ஆட்கள் பதில் சொல்வார்கள். எனக்கு அந்த நாலாவது கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

மறிக்காதீர்கள். நான் மறித்தேன். அதுதான் கதை.

1987இல், இருபது வயதில், மக்கள் உயர்கல்விக் கூடம் (பரீட்சை இல்லாத விடுதிப் பள்ளி) ஒன்றுக்கு மாணவனாக வந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் பெடியன்கள் நிறையப் பேர் இந்த நாட்டுக்கு வந்த வழி அது. நவம்பரில் ஒரு காலை ஆசிரியர் வாசலில் வந்து நின்று சிரித்தபடி சொன்னார், "இன்றைக்கு ஷீ!" எழுதுவது ‘ஸ்கி’ என்றுதான், இவர்கள் வாயில் அது ‘ஷீ’ என்று வரும். எங்களுக்கு அது ‘சீ’ என்று காதில் விழுந்தது. நானும் பருத்தித்துறைப் பெடியன் ஒருவனும் எங்கள் அறையில்தான் ஏதோ நாறுகிறது என்று நினைத்துக் கட்டிலுக்கு அடியில் தேடினோம். கருவாடு வைத்திருந்தது உண்மை.

பிறகு பார்த்தால் ஆளுக்கு இரண்டு நீட்டுப் பலகை. போட்டிருந்தது புறக்கோட்டையில் வாங்கிய டெனிம் காற்சட்டை, உள்ளே பருத்திப் பெனியன். பத்து நிமிடத்தில் பதினைந்து தரம் விழுந்திருப்பேன். விழ விழ டெனிம் நனைந்தது. நனைந்தது உறைந்து தகரம் மாதிரி நின்றது. முழங்காலை மடக்கவே முடியவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. அன்று இரவே முடிவெடுத்தேன்: இது வெள்ளைக்காரனுடைய விசர், எனக்கு வேண்டாம்.

பிறகு நோர்வேயின் வடகோடியிலுள்ள ஃபின்மார்க்குக்குப் போனேன், மீன் தொழிற்சாலைக்கு. கொட் மீனைத் துண்டு போடுகிற வேலை, நாலு வருடம். அங்கே நவம்பர் கடைசியில் போகிற சூரியன் ஜனவரி நடுப்பகுதி தாண்டித்தான் தலைகாட்டும். காலை ஒன்பது மணிக்கும் இருட்டு. அந்த இருட்டில் பாலர் பள்ளிப் பிள்ளைகள் ஒளிரும் மேலங்கியைப் போட்டுக்கொண்டு, ஒரு கயிற்றைப் பிடித்தபடி வரிசையாகப் போவார்கள். கண்ணிமையில் வெள்ளையாகப் பனி பிடித்திருக்கும். நாங்கள் தேநீர்க் கோப்பையோடு யன்னலில் நின்று "பாவம் பிள்ளையள்" என்போம். அதுகளோ பனியை நக்கிக்கொண்டும் உருண்டுகொண்டும் போகும். மோசமான காலநிலை என்று ஒன்று இல்லை, மோசமான உடுப்புத்தான் உண்டு என்று ஒரு பழமொழி இவர்களிடம் இருக்கிறது. உங்களுக்கும் பள்ளியில் யாராவது சொல்லியே தீருவார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வரும். ஆனால் சரிதான்.

ஒஸ்லோவுக்கு வந்து குரூருட்டில் ஆறாம் மாடியில் குடியேறினோம். மகள் பிறந்தாள். அவள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் ஒவ்வொரு ஷி நாளுக்கும் நான் ஒரு கடிதம் கொடுத்துவிடுவேன்: ‘மகளுக்குக் காய்ச்சல்.’ மூன்றாம் வருடம் ஆசிரியை கூப்பிட்டு மிகவும் மரியாதையாகக் கேட்டார், "உங்கள் மகளுக்குப் பனி விழுந்தால் மட்டும்தான் காய்ச்சல் வருமா?"

அதற்கும் நான் அசையவில்லை. அசைத்தது வேறு. 2001இல் பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது, வகுப்புச் சுவரில் பிள்ளைகள் எழுதிய தாள்கள் ஒட்டியிருந்தன. தலைப்பு ‘எங்கள் ஞாயிற்றுக்கிழமை’. மற்றப் பிள்ளைகள் காடு, தோடம்பழம், சூடான கொக்கோ என்று படம் கீறியிருந்தார்கள். என்னுடைய பிள்ளை எழுதியிருந்தது இது: ‘ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஷி போவார்கள். நாங்கள் சோறு சாப்பிட்டுப் படம் பார்ப்போம். எங்கள் யன்னலால் பார்த்தால் அவர்களுடைய தொப்பிகள் தெரியும். சிவப்புத்தான் கூட.’ கீழே யன்னல் ஒன்று கீறி, அதற்குள் ஒரு தலை. வெளியே சின்னச் சின்னப் புள்ளியாகத் தொப்பிகள். எண்ணிப் பார்த்தேன், பதினேழு.

அடுத்த கிழமையே பழைய ஷி இரண்டு சோடி வாங்கினேன். மனைவி, "உங்களுக்கென்ன விசரா?" என்றா. லில்லோமார்க்கா காட்டில் இரவு விளக்குப் போட்ட பாதை உண்டு. இரவு எட்டு மணிக்குப் போவோம், தமிழாட்கள் ஒருவரும் கண்ணில் படாத நேரமாகப் பார்த்து. நான் விழுவேன், மகள் சிரிப்பாள், பிறகு அவள் விழுவாள். இரண்டாம் நாள் ஒரு கிழவி, எழுபத்தைந்து இருக்கும், எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து சொன்னா: "கைக்கம்பைக் கீழே வையுங்கள். முதலில் கம்பில்லாமல் நடவுங்கள்." அதுதான் பாடம். கம்பு இருந்தால் அதை ஊன்றிக்கொண்டு நிற்கத்தான் தோன்றும்; கம்பில்லாதவன் உடம்பால் சமநிலை பிடிப்பான். விழுந்தால் எழும்பும் விதமும் அவதான் காட்டினா: பக்கவாட்டில் உருண்டு, இரண்டு பலகையையும் சரிவுக்குக் குறுக்கே வைத்து, முழங்காலில் எழும்பி, பிறகு நில். பலகை சரிவைப் பார்த்து நீட்டியிருந்தால் நீங்கள் எழும்ப முதல் அது போய்விடும்.

இப்போது உங்களுக்கு வேண்டியது. பருத்தி கூடாது, ஒரு நூல்கூட. வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டிக் குளிர வைக்கும். உள்ளே கம்பளி, மெல்லியது. சப்பாத்துக்குள் இரண்டு சோடிக் காலுறை போட்டுவிடாதீர்கள். எங்கள் அம்மாமார் எல்லாரும் செய்வது அது. இறுகினால் கால்விரல் இன்னும் விறைக்கும். கையுறை இரண்டு சோடி, விரல் பிரியாதது. எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். ஷி பிள்ளையின் உயரமளவே, அல்லது பத்துச் சென்டிமீட்டர் கூட. முதல் பனிக்காலத்துக்கு, அடியில் மெழுகு பூசத் தேவையில்லாத வகையாகப் பாருங்கள். மெழுகு ஒரு தனிக் கலை: குளிருக்குப் பச்சை, கொஞ்சம் இளகினால் நீலம், அதற்கு மேல் சிவப்பு. பூச்சியம் பாகையில் பிழையான நிறத்தைப் பூசினால் அடியில் பனி உருண்டு உருண்டு ஒட்டி, குதி உயர்ந்த செருப்புப் போட்டவன் மாதிரி நிற்பீர்கள். நான் நின்றிருக்கிறேன்.

காசு? ‘பூஆ’ என்று ஒன்று இருக்கிறது, நூலகத்தில் புத்தகம் மாதிரி விளையாட்டுச் சாமான் இரவல் தருவார்கள். இலவசம். பள்ளி நேரத்தில் நடக்கும் பயணத்துக்குப் பெற்றோரிடம் காசு கேட்கவும் கூடாது. ஷி இல்லை என்று ஆசிரியருக்கு ஒரு வரி எழுதுங்கள், வெட்கப்படாதீர்கள். பிள்ளைக்கு உட்கார்ந்து சறுக்கும் பலகையும் போதும் என்பார்கள் பல இடங்களில். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. மகளின் சாமத்தியவீட்டுக்கு மண்டபம், ஹெலிகொப்டர் இல்லாத குறை ஒன்றுதான் என்று செலவழித்த ஒருவர், முந்நூறு குரோனுக்குப் பழைய ஷி வாங்க "அது எங்கட ஆக்களுக்குச் சரிவராது" என்றார். அவருடைய பிள்ளைகள் இப்போது லண்டனில். அங்கே பனியும் இல்லை, பிரச்சினையும் இல்லை.

கை முறியுமா என்று கேட்டீர்கள். சமதரையில் நடக்கும் ஷியில் பெரும்பாலும் பின்பக்கம்தான் நோகும். மலைச் சரிவில் வழுக்குவது வேறு; அதற்குத் தலைக்கவசம் கட்டாயம் போட்டு விடுங்கள்.

இன்னொன்று, எங்கள் ஆட்களுக்கு விளங்காதது. மகன் ஒன்பது வயதில் கழகத்து ஷி ஓட்டம் ஒன்றில் ஓடினான். முடிவில் ஓடிப்போய்ப் பயிற்றுநரிடம், "எத்தனையாவது?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை! இந்த நாட்டு விளையாட்டு விதிப்படி பிள்ளைக்கு 11 வயதாகும் ஆண்டுக்கு முன்னால் முடிவுப் பட்டியல் போடக் கூடாது. பரிசு கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். பள்ளியிலும் எட்டாம் வகுப்பு வரும்வரை புள்ளி கிடையாது. இது எங்கள் பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கும். அதனால்தான் எங்கள் சொந்த விளையாட்டுப் போட்டியில் ஆறு வயதுக்காரருக்கும் முதலாம், இரண்டாம், மூன்றாம் இடமும் ஆளுயரக் கிண்ணமும். நாலாவதாக வந்த பிள்ளை தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்து அழும். நானும் சில காலம் அங்கே விசில் ஊதியவன்தான், இப்போது போவதில்லை.

கடிதத்துக்கு வருவோம். நோர்வேக்காரப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே சங்கதிதான் எழுதுவார்கள்: மே 17ஆம் திகதி ஊர்வலம், ராணுவம் இல்லாமல் பிள்ளைகளே கொடி பிடித்துப் போவது, பழுப்புப் பாற்கட்டி போட்ட பாண். 1206இல் இரண்டு வயது இளவரசன் ஹோக்கோனை இரண்டு பேர் ஷியில் சுமந்துகொண்டு மலை தாண்டிக் காப்பாற்றிய கதையும் நிச்சயம் வரும். அந்தக் குழந்தை பிறகு அரசனானது. அந்த நினைவாகத்தான் இப்போதும் ரேனாவிலிருந்து லில்லஹாமர் வரை 54 கிலோமீட்டர் ஓட்டத்தில் எல்லாரும் முதுகில் மூன்றரைக் கிலோ சுமக்கிறார்கள். போர்த்துக்கல் பிள்ளைகள் இதை இருபது கடிதத்தில் வாசிப்பார்கள். உங்கள் மகள் ஷி நாளுக்குப் போய்விட்டு வந்து எழுதட்டும். ஆசிரியையிடம் ஒரு கிழமை தவணை கேளுங்கள், தருவார்கள். எத்தனை தரம் விழுந்தாள், யார் தூக்கிவிட்டார்கள், சாப்பாட்டுப் பெட்டியில் என்ன இருந்தது, அது உறைந்ததா. ஆகஸ்டில் வவுனியாவில் எத்தனை பாகை என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம். எந்த நாடு என்று அவள் தலைப்பில் எழுதவே வேண்டாம்.

ஷி நாள் வரை பொறுக்க முடியாவிட்டால் கொர்க்கெத்ரெக்கரனுக்குக் கூட்டிப் போங்கள். உட்கார்ந்து சறுக்கும் பலகைக்கான இரண்டு கிலோமீட்டர் பாதை. கீழே போய் மெட்ரோவில் ஏறினால் அதே பலகையோடு திரும்ப மேலே வரலாம். பனி போதாவிட்டால் மூடியிருக்கும், முந்தி மாதிரி ஒஸ்லோவில் இப்போது பனி இல்லை. அல்லது லில்லோமார்க்கா காட்டிலுள்ள லில்லோசேட்டர் குடிலுக்கு நடந்தே போங்கள், வாஃபிள் கிடைக்கும். தோடம்பழம் கொண்டு போங்கள், இங்கே அது சம்பிரதாயம். தோலைப் பனியில் எறியாமல் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். முதல் தடவை நான் எறிந்தேன். அதே கிழவிதான், பின்னாலேயே வந்து பொறுக்கி என் கையில் தந்தா.