கீன்ஸுக்கு முன்பே அவருடைய கோட்பாட்டைக் கலெட்ஸ்கி கண்டறிந்துவிட்டார் என்பது உண்மையா?

முதுகலைத் தேர்வுக்காகத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம் பாடநூல்களில் போலந்துப் பொருளியலாளர் மிகைல் கலெட்ஸ்கி வந்தால், ஆங்கிலேயப் பொருளியலாளர் கீன்ஸைப் பற்றிய அத்தியாயத்தின் ஓரத்தில் ஒரு வரியாகத்தான் வருவார்.

காலவரிசைப்படி உண்மைதான். முதலீட்டுச் செலவே உற்பத்தியையும் இலாபத்தையும் நிர்ணயிக்கிறது என்பதை 1933இல் போலிஷ் மொழியில் வெளிவந்த சிறு நூலிலும், 1935இல் 'எகனாமெட்ரிகா' இதழில் வந்த கட்டுரையிலும் அவர் காட்டிவிட்டார். கீன்ஸின் 'பொதுக் கோட்பாடு' நூல் வெளியானது 1936இல். கலெட்ஸ்கியின் அக்கறை, பொருளாதாரம் மாறி மாறி ஏறி இறங்கும் வாணிபச் சுழற்சியைப் பற்றியதே, வேலையின்மை நிலைத்துவிடும் சமநிலையைப் பற்றியதன்று எனப் பொருளியலாளர் டான் பட்டின்கின் மறுத்திருப்பதையும் அறிவேன். அதில் நியாயம் உண்டு. ஆயினும் முந்தியவர் யார் என்ற கணக்கிலேயே நின்றுவிட்டால், கலெட்ஸ்கி கீன்ஸின் நிழலிலிருந்து ஒருபோதும் வெளியே வர மாட்டார்.

என் மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது. ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்குக் கலெட்ஸ்கியை எடுத்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னபோது, தலைப்பை ஏற்கும் கூட்டத்தில் மூத்த பேராசிரியர் ஒருவர், "நோபல் பரிசு வாங்கியவரா?" என்று கேட்டார். பொருளாதாரத்துக்கு அப்பரிசு முதன்முதலில் 1969இல்தான் வழங்கப்பட்டது, கலெட்ஸ்கி 1970இல் காலமாகிவிட்டார் என்று பணிவாகத்தான் சொன்னேன். அது எதிர்த்துப் பேசியதாகக் கொள்ளப்பட்டது. இறுதியில், மகளிர் சுயஉதவிக் குழுக்களின் சேமிப்புப் பழக்கம் என்ற தலைப்பு எனக்கு ஒதுக்கப்பட்டது. அது தாழ்ந்த தலைப்பு என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அதில் உழைத்துத்தான் பட்டம் பெற்றேன். ஆனால் மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றி அதே தலைப்பில் ஆய்வேடுகள் குவியும் துறையில், சிந்தனை வரலாற்றுக்கு இடமில்லை என்பது இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அன்று அந்த அறையில் நான் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1899இல் இன்றைய போலந்தின் வூட்ஜ் நகரில் பிறந்து, குடும்பத்தின் பண நெருக்கடியால் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்ட கலெட்ஸ்கி, பொருளாதாரத்தைத் தாமாகவே கற்றவர். கீன்ஸ் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆல்ஃபிரட் மார்ஷலிடம் பயின்று, பின்பு அவருடைய மரபிலிருந்து விடுபடப் போராடினார். கலெட்ஸ்கியோ பொருளாதாரம் ஆண்டுதோறும் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதை விளக்கும் மார்க்ஸின் மறுஉற்பத்தி அட்டவணைகளையும், மார்க்சியச் சிந்தனையாளர் ரோசா லக்சம்பர்க்கையும் படித்து வந்தவராதலால், அவருடைய சமன்பாடுகளில் தொழிலாளரும் முதலாளியரும் தொடக்கத்திலிருந்தே தனித்தனியாக நிற்கிறார்கள். தொழிலாளர் கூலி முழுவதையும் செலவிடுகிறார்கள் என்றும், அரசும் அயல்நாட்டு வாணிபமும் இல்லை என்றும் வைத்துக்கொண்டால், முதலாளியரின் மொத்த இலாபம் அவர்களுடைய முதலீட்டுக்கும் நுகர்வுக்கும் சமமாகிறது. எவ்வளவு செலவிடுவது என்பதை அவர்கள் முடிவு செய்யலாம். எவ்வளவு ஈட்டுவது என்பதை முடிவு செய்ய முடியாது. கூலியைக் குறைத்தால் மந்தநிலை நீங்கும் என்ற வாதம் இந்த ஒரு படியிலேயே ஆட்டம் காண்கிறது, ஏனென்றால் முதலீடு உயராதபோது கூலிக் குறைப்பு இலாபத்தைக் கூட்டாமல் விற்பனையைத்தான் சுருக்குகிறது. விலை என்பது செலவின்மேல் நிறுவனம் வைக்கும் கூடுதல், அதன் அளவு சந்தையில் அந்நிறுவனத்துக்குள்ள முற்றுரிமையின் வலிமையைப் பொறுத்தது என்றும் அவர் சொன்னதால், வருமானப் பகிர்வும் வேலைவாய்ப்பும் ஒரே கோட்பாட்டுக்குள் வந்துவிடுகின்றன. கீன்ஸிடம் இந்த இணைப்பு இல்லை.

இவற்றைவிடவும் நான் உயர்வாக மதிப்பது, முழு வேலைவாய்ப்பின் அரசியல் குறித்து அவர் 1943இல் எழுதிய சிறு கட்டுரை. அரசு செலவிட்டால் வேலையின்மை நீங்கும் என்பது தெரிந்த பிறகும் தொழிலதிபர்கள் அதை ஏன் எதிர்ப்பார்கள்? வேலை போய்விடும் என்ற அச்சம் நிரந்தரமாக மறைந்தால் ஆலையில் அவர்களுடைய அதிகாரம் தளரும். ஆகவே இலாபம் கூடினாலும் அந்நிலையை அவர்கள் விரும்ப மாட்டார்கள் என்கிறார். கொள்கை வகுப்பவர்களுக்கு உண்மை புரிந்தால் போதும் என்று நம்பிய கீன்ஸிடம் இக்கேள்விக்கு விடை தேட முடியாது. கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் கலெட்ஸ்கிக்காக வாதாடியதால்தான் கேம்பிரிட்ஜில் அவர் பெயர் நிலைத்தது என்பதும் உண்மையே, ஆனால் அவ்வாதமும் பெரும்பாலும் முந்தியவர் யார் என்பதைச் சுற்றியே நினைவுகூரப்படுகிறது.

தேர்வில் 'கீன்ஸின் முன்னோடி' என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும், எழுதிவிடுங்கள். அதன் கீழே இலாபச் சமன்பாட்டையும் 1943ஆம் ஆண்டுக் கட்டுரையையும் சேர்த்து எழுத மறக்காதீர்கள்.