மனச்சோர்வு மாத்திரைகள்: மனநல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எஸ்சிடலோபிராம் தொடங்கிப் பத்து நாளாகிறது, டாக்டர். மனம் அப்படியே இருக்கிறது, குமட்டல்தான் மிச்சம். மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: அப்படி முடிவுகட்டப் பத்து நாள் போதாது. நரம்பு செல் ஒன்று செரட்டோனின் என்ற வேதிப்பொருளை வெளிவிட்டு அடுத்த செல்லுக்குச் செய்தி சொன்னபின், அதைத் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸெடின் ஆகியவை அந்த வழியை அடைக்கின்றன. முதல் மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்திலேயே இது நடந்துவிடுகிறது. ஆனால் வெளியே செரட்டோனின் கூடிவிட்டதை உணரும் செல், தன் வெளியீட்டைக் குறைத்துக்கொள்கிறது. அந்தக் கட்டுப்பாடு தளர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும் என்பதே தாமதத்துக்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். உடலின் செரட்டோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில் இருப்பதால், குமட்டல் மட்டும் முதல் நாளே வந்துவிடுகிறது. உணவுக்குப் பின் சாப்பிடுங்கள். பெரும்பாலோருக்கு ஓரிரு வாரத்தில் அடங்கும். மனத்தின் மாற்றத்துக்கு நான்கு முதல் ஆறு வாரம் பொறுங்கள். பொறுக்கக் கூடாதது ஒன்றுண்டு: இருப்புக்கொள்ளாத பதற்றமோ, சாகும் எண்ணமோ எழுந்தால், குறிப்பாக 25 வயதுக்கு உட்பட்டவர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் பேச வேண்டும்.

கேள்வி: இப்போது நன்றாக இருக்கிறேன். நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, பின்னர் படிப்படியாகக் குறைப்பதே முறை. சென்ற மாதம் ஓர் அம்மா, நாட்காட்டித் தாளில் மடித்துக் கொண்டுவந்த மாத்திரைகளை என் மேசைமேல் பிரித்துவைத்தார். வெள்ளிக்கிழமை நிறுத்தியவருக்குத் திங்கட்கிழமை தலைசுற்றல், தலையைத் திருப்பும்போதெல்லாம் மின்சாரம் தொட்டதுபோல் ஓர் உதறல், காரணமில்லாத அழுகை. நோய் திரும்பிவிட்டதென்று அஞ்சி, மிச்சத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கியிருக்கிறார்; அதனால் மருந்தின் அளவு உடலில் ஏறி இறங்கி, தொல்லை கூடியிருந்தது. வென்லாஃபாக்சினும் பராக்ஸெடினும் விரைவில் நீங்கிவிடுவதால் அவற்றில் இந்த அவதி அதிகம். ஃப்ளுவாக்ஸெடின் வாரக்கணக்கில் தங்குவதால் குறைவு.

கேள்வி: உடல் பருக்குமா?

பதில்: மிர்டாசபினிலும் பராக்ஸெடினிலும் வாய்ப்பு அதிகம். மாதம் ஒருமுறை எடை பாருங்கள்.

கேள்வி: செரட்டோனின் குறைவால் மனச்சோர்வு வருகிறது என்பதற்குச் சான்றில்லை என்று 2022இல் ஆய்வு வந்துவிட்டதே. மாத்திரையும் பொய்தானே?

பதில்: பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜோவன்னா மான்கிரீஃப் குழுவின் தொகுப்பாய்வைச் சொல்கிறீர்கள். அது ஆராய்ந்தது நோயின் காரணத்தை. மருந்து பலன் தருகிறதா என்பதை அன்று. இந்தத் துறையில் மருந்துதான் முதலில் வந்தது. 1950களில் காசநோய்க்குக் கொடுத்த ஐப்ரோனியாசிட் நோயாளிகளின் மனத்தையும் தெளிவித்ததைக் கண்ட பின்பே விளக்கம் தேடத் தொடங்கினார்கள். மருந்தின் பலனுக்குச் சான்று வேறிடத்தில் இருக்கிறது: 2018இல் 522 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், 21 மருந்துகளும் போலி மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தந்தன. சராசரி வேறுபாடு பெரிதன்று. அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் 'உங்களுக்குச் செரட்டோனின் குறைவு' என்று என் மருத்துவர் சொன்னது?

பதில்: தவறு. நானும் பல ஆண்டுகள் அப்படிச் சொல்லியிருக்கிறேன். எளிமைக்காகச் சொன்னாலும் தவறு தவறுதான். நோயாளிக்கு உண்மை தெரிய வேண்டும். ஆனால் எங்கள் விளக்கம் பிழைபட்டதற்காக, உங்களை எழுந்து நடமாட வைத்த மருந்தை ஒரே நாளில் கைவிடாதீர்கள். அவதிப்படப் போவது நீங்கள்.

கேள்வி: திருமணமாகி ஓராண்டு. மருந்து தொடங்கியதிலிருந்து தாம்பத்தியத்தில் நாட்டமில்லை. கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: கேட்டது நல்லது. இவ்வகை மருந்துகளில் இது மிகப் பரவலான பக்கவிளைவு. உங்கள் குறையுமன்று, உங்கள் துணையின் குறையுமன்று. அளவைக் குறைக்கலாம், புப்ரோபியான் போன்ற வேறு மருந்துக்கு மாற்றலாம். வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது என்பதால், மருத்துவரிடம் முழு வரலாற்றையும் சொல்லுங்கள். சிலருக்கு மருந்தை விட்ட பின்பும் இத்தொல்லை நீடிப்பதுண்டு, ஆகையால் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன், இனி விட்டுவிடலாமா?

பதில்: இரண்டாவது பதிலைப் படியுங்கள். பழைய சீட்டைக் காட்டி நீங்களே வாங்கித் தொடர்வதும், நீங்களே நிறுத்துவதும் வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 72. மூன்று வாரமாக எஸ்சிடலோபிராம்; மூட்டுவலிக்கு டிராமடால். இரண்டு நாளாகக் குழப்பமாகப் பேசுகிறார், தள்ளாடுகிறார்.

பதில்: முதியவர்களுக்கு இம்மருந்து இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடும், டிராமடாலோடு சேர்ந்தால் செரட்டோனின் மிகுந்து நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரவும் கூடும். மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இப்போதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சோடியம் பார்க்கச் சொல்லுங்கள்.