சென்சார் தவறாகக் காட்டினால் புரோகிராம் எப்படிக் கண்டுபிடிக்கும்?

அண்ணாச்சி, களக்காட்டு வாழைத்தோட்டத்துக்கு நீங்களே எழுதிய மோட்டார் புரோகிராம், ஈர சென்சாரின் ஒயர் அறுந்ததும் மண் காய்ந்து கிடப்பதாக நம்பி ராத்திரி முழுக்கத் தண்ணீர் பாய்ச்சிவிட்டது, இன்னொரு சென்சார் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். இரண்டும் வேறு வேறாகக் காட்டினால் எதை நம்புவீர்கள்?

உங்கள் புரோகிராமுக்கு மண்ணைப் பற்றித் தெரிகிறது, தன்னைப் பற்றித் தெரியவில்லை. மோட்டாரைப் போட்டால் என்ன நடக்க வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள். ஒரு கரண்ட் சென்சார் போதும். நன்றாக ஓடும்போது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, ஈரம் ஏற எவ்வளவு நேரமாகிறது என்று உங்கள் தோட்டத்திலேயே அளந்து வையுங்கள். கரண்டே இல்லையென்றால் கோளாறு மின்சாரத்தில் அல்லது ஸ்டார்ட்டரில். வழக்கத்தைவிடக் குறைவாக இழுத்தால், பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடுகிறது. கரண்ட் சரியாக இருந்தும் ஈரம் ஏறவில்லையா, சென்சாரையோ குழாயையோ சந்தேகப்பட்டு, மோட்டாரை நிறுத்தி உங்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பட்டும். நிறுத்திய பிறகும் கரண்ட் ஓடினால், புரோகிராம் சொல்கிறபடி மோட்டாரைப் போட்டு அணைக்கும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டது. அப்போது மின்சாரத்தைத் துண்டிக்க, தனியாக இன்னொரு கான்டாக்டர் (மோட்டாருக்கான பெரிய மின் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும். ஆங், ஸ்டார்ட் ஆகும்போது கரண்ட் எகிறும், சில நொடி கழித்து அளக்கச் சொல்லுங்கள்.

1999 மே மாதம் நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தில் ஓடிய, கலத்தைத் தானாகவே இயக்கும் ரிமோட் ஏஜென்ட் என்ற புரோகிராமும் இப்படித்தான் வேலை செய்தது. அதன் லிவிங்ஸ்டன் என்ற பகுதி, கலத்தின் பாகங்கள் எப்படி வேலை செய்ய வேண்டும் என்ற மாதிரியோடு சென்சார் காட்டுவதை ஒப்பிட்டு, எது கெட்டது என்று ஊகித்தது. போலிக் கோளாறுகளைக் கொடுத்துத்தான் அதைச் சோதித்தார்கள். நீங்களும் பகலில் பக்கத்தில் நின்று சென்சார் ஒயரைக் கழற்றிப் பாருங்கள்.