மண்மேட்டில் மரம் வளர்ந்ததா? செயற்கைக்கோள் படத்தில் பார்க்கலாம்

வணக்கம். ஊருக்குப் பக்கத்துச் சுரங்கத்தின் மண்மேட்டில் காடு வளர்த்துவிட்டதாக நிறுவனம் சொல்கிறது, அதை நாமே சரிபார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும், காசு செலவில்லாமல்.

கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் சென்டினல்-2 என்னும் ஐரோப்பியச் செயற்கைக்கோள்களின் படங்கள் இலவசம். அவற்றில் முதல் செயற்கைக்கோள் 2015இல் ஏவப்பட்டது. படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். அந்தத் தளத்தில் என்டிவிஐ (NDVI) என்ற பசுமைக் குறியீட்டு அடுக்கைத் திறவுங்கள். பசுமையான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். அந்த வேறுபாட்டைத்தான் அது கணக்கிடுகிறது. மார்கழிப் படத்தைச் சித்திரைப் படத்தோடு ஒப்பிட்டுவிடாதீர்கள். மழை முடிந்ததும் புல் முளைத்தாலே மேடு முழுக்கப் பச்சையாகத் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே படங்களையே எடுங்கள். கோடையிலும் பச்சை நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

சீமைக் கருவேலமும் அதே பச்சையைத்தான் காட்டும். வேம்பா, புங்கனா, வெறும் முள்ளா என்பதை அனுமதி வாங்கி நேரில்தான் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் பாதி வேலை அதுதான்.

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற சுரங்கம் அதன் நிபந்தனைகளைப் பின்பற்றியதைச் சொல்லும் இணக்க அறிக்கையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும். அது பொது ஆவணம். அதில் சொல்லியிருக்கும் நடவுப் பரப்பையும் நீங்கள் படத்தில் அளந்ததையும் சேர்த்து, கலெக்டரின் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள்.