கடற்கரைக் காற்றும் மலைப் பாதையும்: மிதிவண்டி கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நான் தொண்டியில் வசிக்கும் கல்லூரி மாணவன். கியர் சைக்கிள் ஒன்று வாங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாள்தோறும் ஓட்டி வருகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் ஒன்றைச் சைக்கிளில் ஏறிக் கடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எங்கள் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மேடுகூடக் கிடையாது. எங்கே பயிற்சி எடுப்பது, எந்தப் பாதையில் முதலில் ஏறுவது?

பதில்: பாதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கொச்சியில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 85, மூணாறு வழியாக வந்து போடிமெட்டில் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, தேனி, மதுரை, சிவகங்கை ஆகிய ஊர்களைத் தொட்டுத் தொண்டியில் வந்து முடிகிறது. உங்கள் ஊர்ச் சாலையை விடாமல் மேற்கே பிடித்துக்கொண்டு போனாலே நீங்கள் தேடும் கணவாய்க்குப் போய்ச் சேரலாம். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறத்தாழ 26 கி.மீ.; அடிவாரமான முந்தலைத் தாண்டிய பிறகுதான் உண்மையான ஏற்றம் தொடங்குகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகளில் 1,000 மீட்டர் அளவுக்கு உயரும் இந்தச் சாலையின் சராசரிச் சாய்வு 5 சதவீதத்தை ஒட்டியே இருப்பதால், முதன்முறை ஏறுபவருக்கு இதைவிடப் பொருத்தமான பாதையை நான் சொல்ல மாட்டேன். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் சாலை இன்னும் மென்மையான சாய்வுடையதுதான் என்றாலும், 50 கி.மீ.க்கும் மேல் நீள்வதால் பொறுமையைச் சோதிக்கும். 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலையைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

பயிற்சிக்கு மேடு இல்லை என்று வருந்த வேண்டாம். உங்களிடம் காற்று இருக்கிறது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று வீசும்போது நீங்கள் 15 கி.மீ. வேகத்தில் மிதித்தால், உடலில் மோதும் காற்றின் வேகம் 35 கி.மீ. ஆகிறது. அந்தத் தடை, 100 மீட்டருக்கு ஏறத்தாழ 3 மீட்டர் உயரும் சாலையில் ஏறுவதற்குச் சமமான சுமையைக் கால்களுக்குத் தருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து வீசும் ஆனி, ஆடி மாதங்களில் தொண்டியிலிருந்து திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் நோக்கித் தெற்கே செல்லுங்கள். போகும்போது காற்று முகத்தில் அடிக்கும், களைத்துத் திரும்பும்போது முதுகில் தள்ளும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் திசையை மாற்றி, மீமிசல் பக்கம் போய்த் திரும்புங்கள். இடையில் எங்கும் நிற்காமல், பேசினால் மூச்சு வாங்கும் அளவுக்கு ஒரே சீராக ஒரு மணி நேரம் மிதிக்கப் பழகிய பின், அதை இரண்டு மணி நேரமாக உயர்த்த வேண்டும். மலை கேட்பது இந்த நீடித்த உழைப்பைத்தான். சமவெளியில் வேகமாகப் போய்க் காட்டுவது அங்கே செல்லாது.

ஆனால் காற்று கற்றுத் தராத ஒன்று உண்டு. சமதளத்தில் ஒரு மிதி தவறினாலும் வண்டி தன் ஓட்டத்தில் போய்க்கொண்டிருக்கும்; ஏற்றத்தில் உடனே நின்றுவிடும். எனவே கியரை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் நாம் உள்வட்டத்தில் ஏறுகிறோம். சாலையிலேயே செங்குத்தான இடம் அதுதான். அங்கே போய்க் கியரை மாற்றினால், இழுவையில் இருக்கும் செயின் நழுவும்.

கேள்வி: கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் மலை ஏற முடியாதா? – மண்டபம் வாசகர்

பதில்: முடியும், ஆனால் பெரும்பகுதியைத் தள்ளிக்கொண்டே ஏற வேண்டியிருக்கும். முன்னால் உள்ள பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் உள்ளதில் 18 பல் கொண்ட வண்டி, பெடல் ஒரு சுற்று சுற்றினால் ஐந்து மீட்டருக்கும் மேல் நகரும். மலையில் 8 கி.மீ. வேகத்தில் ஏறும்போது நிமிடத்துக்கு 25 சுற்றுதான் மிதிக்க முடியும் என்பதால், முழு எடையும் முழங்காலில் விழும். முன்னால் 34, பின்னால் 32 பல் உள்ள வண்டியில் அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 60 சுற்று, கால் நோகாது. வண்டி வாங்கும்போது கியரின் எண்ணிக்கையைக் கேட்காமல், பின்சக்கரத்தின் மிகப் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று கேளுங்கள். பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தில் திரும்பத் திரும்ப ஏறிப் பழகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1988இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் 2 கி.மீ.க்குச் சற்றே அதிகமான நீளமுடையது. வேடிக்கை பார்க்க நிறுத்தப்படும் வாகனங்களும் பக்கவாட்டில் திடீரென்று அறையும் காற்றும் இருப்பதால், விடியற்காலை தவிர வேறு நேரத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: என் மகன் நண்பர்களுடன் மலைப் பாதையில் சைக்கிளில் செல்லத் துடிக்கிறான். ஏறுவதைவிட அவன் இறங்குவதை நினைத்தால்தான் எனக்கு அச்சமாக இருக்கிறது. – கீழக்கரை தாயார் ஒருவர்

பதில்: அம்மா, உங்கள் அச்சம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஏற்றத்தில் களைத்தவன் ஓரமாக நின்றுகொள்ளலாம், ஆபத்து இறக்கத்தில்தான். வண்டியும் ஆளுமாக 80 கிலோ எடை 1,000 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், இரண்டு லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஒரு பங்கைக் காற்றுத் தடை எடுத்துக்கொண்டாலும் மீதி பிரேக்கில்தான் வெப்பமாக இறங்கும். பிரேக்கை மெல்லப் பிடித்தபடியே இறங்குபவரின் ரிம் ஓயாமல் சூடேறி, டியூப் வெடிக்கவும் கூடும். வளைவுக்கு முன், வண்டி நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட வேண்டும் என்று மகனிடம் சொல்லுங்கள். பார்வை முன்சக்கரத்தில் இல்லாமல், வளைவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும்.

போடிமெட்டுச் சாலையில் இன்னொன்றும் உண்டு. ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு காலையில் மேலே செல்லும் ஜீப்புகள், மாலையில் வீடு திரும்பும் அவசரத்தில் கீழே விரையும். நண்பகலுக்குள் இறங்கிவிட்டால் அந்த நெரிசலைத் தவிர்க்கலாம். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் 6 டிகிரிக்கு மேல் வெப்பம் குறைவதால், வியர்வையில் நனைந்த உடலோடு இறங்குபவரின் விரல்கள் விறைத்துப் பிரேக்கைப் பிடிக்க இயலாமல் போகலாம். மெல்லிய மேலங்கி இல்லையென்றால், சட்டைக்குள் நெஞ்சை மறைத்து ஒரு செய்தித்தாளையாவது செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். மிதிவண்டிப் பந்தய வீரர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது இது.

கடற்கரையில் ஓடும் வண்டிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. உப்புக்காற்றில் பிரேக் கம்பி வெளியே பளபளப்பாகத் தெரிந்தாலும், உறைக்குள் நுழையும் இடத்திலும் பிரேக்கின் திருகு கவ்வும் முனையிலும் துருப்பிடித்து, இழை இழையாக அறுந்துகொண்டிருக்கும். பயணத்துக்கு முன் அந்த இரு இடங்களையும் விரலால் தடவிப் பார்த்து, ஓர் இழை குத்தினாலும் கம்பியையே மாற்றிவிட வேண்டும்.

கேள்வி: எந்த மாதம் செல்லலாம்? வண்டியை எப்படிக் கொண்டு போவது? – சாயல்குடி வாசகர்

பதில்: தை, மாசி. ஐப்பசி, கார்த்திகை மழையில் போடிமெட்டுச் சாலையில் மண்ணும் பாறையும் சரிவதுண்டு; தென்மேற்குப் பருவத்தில் உச்சியில் மூடுபனி வழியை மறைக்கும்; சித்திரையில் அடிவார வெயிலும் சுற்றுலா வாகனங்களும் தொல்லை. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 2023 முதல் அகலப் பாதையில் ரயில் ஓடுகிறது. சைக்கிளை ஏற்ற விரும்பினால், முந்தைய நாளே நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். போடியில் இரவு தங்கி, பொழுது விடியும் முன் அடிவாரத்தை அடைந்துவிட்டால், மேற்கு நோக்கி ஏறுகையில் முதல் சில வளைவுகளையாவது வெயில் உறைக்கும் முன்பே கடந்துவிடலாம்.