வெளியில வளந்த பிள்ளையள் வன்னிக்குத் திரும்பி வந்து இருக்கேலுமோ?

கேட்டவருக்கு வயசு 26, சின்னனில தமிழ்நாட்டு அகதி முகாமுக்குப் போனவராம், ஊர் ஒட்டுசுட்டான் பக்கம், திரும்பி வந்தால் தாக்குப்பிடிக்கேலுமோ எண்டு கேட்டிருக்கிறார். நானும் அப்பிடி வந்த ஆள் எண்டபடியால் எழுதுறன். இருக்கேலும். ஆனா பேப்பர் சரிக்கட்டாமல் மட்டும் வந்திடாதேங்கோ.

2006ல திரும்பச் சண்டை தொடங்கேக்க எனக்கு ஒன்பது வயசு. பேசாலையில இருந்து இரவோட இரவா வள்ளம், விடியக்காலமை தனுஷ்கோடிக்குக் கிட்ட ஒரு மணல்திட்டில இறக்கிவிட்டிட்டுப் போட்டாங்கள், பிறகு மண்டபம் முகாம், பிறகு திருச்சிப் பக்கம் ஒரு முகாம், 12 வருசம். தம்பி அங்க தான் 2008ல பிறந்தவன். அப்பா அங்கயே காலமானார். நான் பிகாம் முடிச்ச கையோட 2018 ஆவணியில அம்மா, தம்பி, நான் மூண்டு பேரும் யூஎன்எச்சிஆர் (ஐநா அகதிகள் அமைப்பு) பிளைட்டில கொழும்புக்கு வந்து அங்கயிருந்து பஸ்ஸில மல்லாவி வந்தம். எங்கட வயல் வவுனிக்குளத்துக்குக் கீழ.

தம்பியின்ர விசயத்தைக் கட்டாயம் சொல்லோணும். இந்தியாவில பிறந்த பிள்ளைக்கு அந்த ஊர்ப் பிறப்புச் சேட்டிபிகேட் மட்டும் காணாது, சென்னையில இருக்கிற எங்கட துணைத் தூதரகத்தில பிறப்பைப் பதிஞ்சு இலங்கைக் குடியுரிமையும் எடுக்கோணும். நாங்கள் அவசரத்தில பாதியில விட்டிட்டு வந்திட்டம். பள்ளிக்கூடத்தில சேத்தவை தான், அதில ஒரு குறையும் சொல்லமாட்டன், ஆனா ஓஎல் (பதினோராம் வகுப்பு) சோதினை கிட்ட வரேக்க ஐசி, அதாவது அடையாள அட்டை வேணும், ஐசிக்குப் போனா குடியுரிமைப் பேப்பரைக் கேக்கினம், அம்மா ஒரு கந்தோருக்கு எத்தினை தரம் நடந்தா எண்டு எனக்குக் கணக்கில்லை, ஒவ்வொருக்காலும் வேற வேற பேப்பர் கேட்டாங்கள். அந்தப் பொடியன் இரவில எழும்பியிருந்து "அக்கா நான் எந்த ஊர்க்காரன்?" எண்டு கேட்டவன். கடைசியா எல்லாம் சரிவந்தது. ஆனா அந்த ரெண்டு வருசத்தை ஒருத்தரும் அவனுக்குத் திருப்பிக் குடுக்கப் போறேல்ல. உங்களுக்கு அங்க பிறந்த சகோதரங்களோ பிள்ளையளோ இருந்தால் முதல் வேலை இது தான். டிகிரி இருந்தால் இங்க அரசாங்க வேலைக்கு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின்ர அங்கீகாரக் கடிதம் கேப்பினம், அதுக்கு மார்க்சீட் எல்லாம் ஒறிஜினலா வேணும், அங்கயிருக்கேக்கயே எடுத்துக் கொள்ளுங்கோ. கனடா, சுவிஸ் மாதிரி இடத்தில சிட்டிசன் எடுத்த ஆக்களுக்கு இரட்டைக் குடியுரிமை எண்டு வேற கதை, அது எனக்கு அனுபவமில்லை.

காணி. அம்மப்பா வயலை விட்டிட்டு எங்களோட வரமாட்டன் எண்டு நிண்டவர், பிறகு சண்டையில இடம்பெயர்ந்து 2009 மாசியில இரணைப்பாலையில செல் விழுந்து செத்துப்போனார், எங்களுக்குத் தெரியவே மூண்டு மாசம். போமிட், அதாவது அரசாங்கக் காணிக்குக் குடுக்கிற அனுமதிப் பத்திரம், அவற்ற பேரில, தனக்குப் பிறகு ஆருக்கு எண்டு பின்னுரித்தாளர் ஒருத்தரையும் எழுதேல்ல. அப்பிடியான காணி அப்பத்தைய சட்டத்தில முதல்ல மகனுக்கு, பேந்து தான் மகளுக்கு. 2022ல தான் அதைத் திருத்தி ஆண் பெண் பாக்காமல் ஆக்கினவை. அம்மா தான் மூத்தவ, ஆனாலும் சுவிஸில இருக்கிற மாமா தனக்கு வேண்டாம் எண்டு எழுதி அனுப்பினதால தான் அம்மாவுக்கு வந்தது. உங்கட வீட்டிலயும் போமிட் ஆற்ற பேரில கிடக்குது எண்டு இண்டைக்கே கேளுங்கோ.

இனி ஆக்களைப் பற்றி. வந்த புதுசில எங்களை "இந்தியாக்காரர்" எண்டு தான் சொல்லுவினம், என்ர பேச்சும் அப்ப திருச்சிப் பேச்சு. அது பெரிசாத் தெரியேல்ல. பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் "உங்களுக்கென்ன பிள்ளை, நீங்கள் அங்கால இருந்தனீங்கள்" எண்டு சொன்னவ. அவவின்ர ரெண்டு பிள்ளையள் முள்ளிவாய்க்காலில. நான் என்னத்தைச் சொல்லுறது? நாங்கள் முகாமில ரீவியைப் பாத்து அழுதம், அவ அதுக்குள்ளயே நிண்டவ. திரும்பி வாற ஆக்கள் இதுக்கு மறுமொழி தேடக்கூடாது எண்டது என்ர எண்ணம், பேசாமல் கேட்டுக்கொண்டு பக்கத்தில இருக்கோணும். இப்ப அவ குழம்பு வைச்சால் எனக்கும் ஒரு கோப்பை வரும்.

ஊருக்குள்ள எனக்கு ஒரு இடம் கிடைச்சது 2018 மார்கழி வெள்ளத்தோட. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணிக்க கிடந்த கிழமை. எங்கட வயலும் போச்சுது. அதுக்குப் பிறகு பயிரழிவுப் படிவம் நிரப்ப வேணும், கன பேருக்கு ஏக்கர் கணக்கு, பசளைக் கணக்கு எழுதுறது கஸ்டமா இருந்தது, பக்கத்து வயல் ஐயா "பிள்ளை, நீ கணக்குப் படிச்சனி தானே, வா" எண்டு கூப்பிட்டார், கமக்காரர் அமைப்புக் கட்டடத்தில நாலு நாள் இருந்து எழுதினன். அடுத்த கூட்டத்தில என்னைப் பொருளாளரா வைச்சவை. இப்பவும் நான் தான். சிறுபோகத்துக்கு (கோடை நெல்லுக்கு) குளத்தில எவ்வளவு தண்ணி நிக்குது, ஆருக்கு எத்தினை ஏக்கர் எண்டு கூட்டத்தில கதைக்கேக்க கொப்பி என்ர கையில இருக்கும்.

லேசு எண்டு மட்டும் நினைக்காதேங்கோ. 2021ல அரசாங்கம் ரசாயனப் பசளையை நிப்பாட்டின போகம் எங்களுக்கு ஏக்கருக்கு ஒன்பது மூட்டை, மற்ற வருசங்களில 25 வரும். பேந்து 2022 பங்குனியில, பொருளாதார நெருக்கடிக்க, சனம் மன்னார்க் கடலால திரும்பவும் தனுஷ்கோடிக்குப் போகத் தொடங்கிச்சு, போனில அந்த மணல்திட்டுப் படத்தைப் பாக்க எனக்குக் கை நடுங்கிச்சு. அம்மாவும் கேட்டா, நாங்களும் போவமோ எண்டு. நான் மாட்டன் எண்டன். போமிட் மாறி ஏழு மாசம், அமைப்பின்ர காசுக் கொப்பி என்ர வீட்டில, இதையெல்லாம் விட்டிட்டுத் திரும்பப் போய் முகாம் கேற்றில கையெழுத்து வைக்க எனக்கு ஏலாது.

வாறதெண்டால் ஆவணிக்குள்ள வாங்கோ. உழவைப் பாத்து, புழுதி விதைப்பில நிண்டு, மாரி முழுக்க இருந்து, மாசியில வெட்டு முடிஞ்சாப்பிறகு இருக்கிறதோ போறதோ எண்டு யோசியுங்கோ. பேப்பர் கையில வரேல்லயெண்டால் டிக்கட்டைப் பின்னுக்குத் தள்ளுங்கோ, அடுத்த ஆவணிக்கு வரலாம்.